மீளும் வழியைக் காட்டுவோர் யார்?

கள்ளுக்கும் தமிழ் இலக்கியத்திற்கும் உள்ள தொடர்பு நெடியது. அதியமானுக்கும் ஔவைக்கும் இருந்த நட்பைக் கூறும் புறநானூறு, அவர்கள் கள்ளைப் பகிர்ந்துண்ட செய்தியையும் மறையாது கூறுகின்றது. வள்ளுவரோ கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்து அப்பழக்கத்தைக் கடிந்தார். திருக்குர்ஆன் மதுவை அறவே விலக்கியது. ஆகவே, குடி தீது என்று நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. தீது என்று அறிந்தும் அதில் அகப்பட்டுக்கொண்ட ஒருவன் மீள விரும்பினால் எங்கே செல்வது? இவ்வினாவிற்கே நாம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

மதுக்கடைக்கு வழி கேட்பார் எவரும் இலர். 1983-இல் தொடங்கப்பெற்ற டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் நடத்தி வருகின்றது. ஆனால், குடியை விட விரும்புவோர் ஒன்றுகூடும் ஏ.ஏ. கூட்டம் நம் ஊரில் எந்தக் கிழமை, எந்த அறையில் நடைபெறுகின்றது என்று கேட்டால் கற்றறிந்தாரும் கைவிரிப்பர்.

ஏ.ஏ. என்பது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்பதன் சுருக்கம். பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்பது பொருள். அதன் தோற்றமே ஒரு தேடலில் நிகழ்ந்தது. 1935 மே திங்களில் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வணிகத்தின் பொருட்டு வந்த பில் வில்சன், வந்த காரியம் கைகூடாமல் விடுதிக் கூடத்தில் தனித்து நின்றார். ஒருபுறம் மதுக்கூடம், மறுபுறம் தொலைபேசி. குடியை விட்டுச் சில திங்களே ஆகியிருந்த அவர், அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்து, தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அவ்வாறு கிடைத்தவரே பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரமே இருக்க எண்ணி வந்த அவர் பல மணி நேரம் அமர்ந்து பேசினார். அவர் குடியைக் கைவிட்ட நாளாகக் கொள்ளப்பெறும் 1935 ஜூன் 10-ஐயே இவ்வியக்கம் தன் பிறந்த நாளாகக் கொள்கின்றது. பில் வில்சன் தேடியது அறிவுரை கூறுவாரை அன்று. தம் துன்பத்தைத் தாமும் பட்டறிந்தாரை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

1957-இல் பம்பாயில் காலூன்றிய இவ்வியக்கத்தின் கூட்டங்கள் இன்று தமிழகத்தில் தமிழிலேயே நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, குலம் கோத்திரம் கேட்பார் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. புதியவர் வாய் திறவாமல் கேட்டுவிட்டு எழுந்து செல்லலாம். அங்குக் கேட்டது அங்கேயே நிற்க வேண்டும் என்பது மரபு. குடும்பத்தாருக்கென 1951-இல் தோன்றிய அல்-அனான் என்னும் அமைப்பும் உண்டு.

இவையெல்லாம் வெறும் ஆறுதல்தாமா? 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2020-ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு, குடியை முற்றாக விலக்கி நிற்பதற்கு இம்முறை பிற உளவியல் சிகிச்சைகளினும் மேம்பட்டுத் துணைசெய்வதாகக் காட்டியது. எனினும், இது மருத்துவத்திற்கு மாற்றன்று. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தப் பிரமையும் தோன்றலாம். உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின் முதற்கண் மருத்துவரை நாடுதல் வேண்டும். 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

நம் சமுதாயத்திற்குத் தனியே ஒரு சொல். மது ஹராம் என்னும் உறுதியுள்ள வீட்டில் குடிப்பவன் பிறரினும் ஆழமாக மறைகின்றான். அவனோடு சேர்ந்து மனைவியும் மறைக்கின்றாள். பெற்ற தாயும் மறைக்கின்றாள். ஜமாஅத் அறிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை அமையாதே என்னும் அச்சம் வேறு. வெறுக்க வேண்டியது குடியை, வெறுக்கப்படுபவனோ குடிநோயாளி. தடை செய்யப்பட்டது என்பதனாலேயே நோய் இல்லாமற் போய்விடுமா? மதுவைப் படிப்படியாக விலக்கி மனிதனின் பலவீனத்தை மதித்த மார்க்கத்திற்கு உரியவர்கள், விழுந்தவனுக்கு எழும் அவகாசம் தரத் தயங்கலாமா?

பெரும்பாலும் தேவாலய வளாகங்களில் கூட்டம் நடப்பதால் சிலர் செல்லத் தயங்குகின்றனர். இவ்வியக்கம் எச்சமயத்தையும் சார்ந்ததன்று. இறைவனை அவரவர் அறிந்தவாறே கொள்ளலாம் என்பதே அதன் பன்னிரு படிகளின் நிலை. இடம் தந்தவர் தேவாலயத்தார் என்றால் அது அவர்தம் பெருந்தன்மை. நாம் ஏன் தரவில்லை என்பதன்றோ கேட்க வேண்டிய கேள்வி?

நாம் செய்யத்தக்கவை அரியன அல்ல. மாலையில் பூட்டிக் கிடக்கும் கல்லூரி வகுப்பறை ஒன்றை வாரம் ஒருமுறை திறந்துவிடலாம். கூட்டம் நடைபெறும் கிழமையையும் இடத்தையும் அறிவிப்புப் பலகையில் எழுதலாம். வெள்ளிக்கிழமைப் பயானில் குடியின் கேட்டைக் கூறும் ஆலிம் பெருமக்கள், மீளும் வழியையும் அதே மூச்சில் கூறலாம். தந்தையின் குடியால் வாடும் மாணவன் நம் வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கக்கூடும். எவரிடமும் கேளாமலே அம்முகவரி அவன் கண்ணிற் படுமாறு செய்வோமாக.