அடம் பிடிக்கும் பழைய கார்



“கார் ஆண்களின் சமாச்சாரம், நமக்கெதற்கு?” என்று இந்தப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். லைசென்ஸ் எடுத்து மூன்று மாதமான மகன் காரை ஓட்டுகிறான். பின்சீற்றில் உம்மாவும் இரண்டு சிறுசுகளும். சாவகச்சேரி தாண்டி உச்சி வெயிலில் கார் நின்று விடுகிறது. அந்த நேரத்தில் பதறாமல் “இது பெற்றோல் கோளாறா, கரண்ட் கோளாறா?” என்று கேட்கத் தெரிந்த ஒரு பெண் வண்டியில் இருந்தால் எவ்வளவு ஆறுதல்!

யாழ்ப்பாணத்துக்கும் பழைய கார்களுக்கும் உள்ள உறவு பெரியது. ஒஸ்ரின் ஏ 40, ஏ 30, ஏ 35, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் எல்லாம் 1950களிலும் 60களிலும் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. 1990இல் மீண்டும் யுத்தம் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது குடாநாட்டில் பெற்றோல் பொன்னானது. அப்போது இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதனால் சிறிதளவு பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த எளிய எஞ்சின் என்பதால் அதையும் தாங்கியது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். உள்ளே தேய்மானம் கூடும். அந்தக் காலத்தைக் கண்ட எஞ்சின்களுக்கு இன்றும் கூடுதல் கவனிப்பு வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் முற்றத்தில் நின்ற பழைய காரின் அருமை பல வீடுகளுக்குப் புரிந்தது. அதைக் கவனிக்கும் முறையைப் பார்ப்போம்.

ஸ்டார்ட் ஆகவில்லையா?

முதலில் லைற்றைப் போட்டு விட்டு ஸ்டார்ட்டரை இழுக்கச் சொல்லுங்கள். லைற் மங்கி அணைந்தால் பற்றறியில் சக்தி இல்லை, அல்லது அதன் முனைகளில் பிடிப்பு இல்லை. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் படிந்திருந்தால் வயரைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது வசலின் பூசுங்கள். சோடா நீர் பற்றறிக்குள் போகக் கூடாது. இன்னொன்றும் கவனம்: இந்த வயதுக் கார்கள் பலவற்றில் பற்றறியின் பொசிட்டிவ் முனைதான் கார் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். புதிய கார்களில் இது எதிர்மாறு. ஆகவே கழற்றுமுன் எந்த வயர் எந்த முனைக்கு என்று ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்: பெற்றோல் வரவில்லை, அல்லது பிளக்கில் நெருப்புப் பொறி இல்லை.

மொறிஸ் மைனரில் இருப்பது மின்சார பம்ப். சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்று அடித்து, கார்புரேற்றர் நிறைந்ததும் ஓயும். சத்தமே இல்லையென்றால் பம்பை ஒரு ஸ்பானரின் பின்புறத்தால் மெதுவாகத் தட்டுங்கள். ஓடத் தொடங்கினால் வீடு வந்து சேரலாம். ஆனால் அது தற்காலிகம்தான், உள்ளே இருக்கும் பொயின்ற் தேய்ந்து விட்டது. அடிப்பது ஓயவே இல்லையென்றால் ராங்கி காலியா, குழாய் கசிகிறதா என்று பாருங்கள். ஏ 30, ஏ 35, ஏ 40 கார்களின் பம்ப் எஞ்சினாலேயே இயங்குவது. கடும் வெயிலில் அதற்குள் பெற்றோல் ஆவியாகித் தடைபடும். ஈரத்துணியைப் பம்பிலும் குழாயிலும் சுற்றிக் கால் மணி நேரம் பொறுத்தால் போதும்.

மாரி காலத்துக் காலையில் கார் மறுத்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். டிஸ்றிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பாதி வேளை இவ்வளவுதான் வைத்தியம். அதற்குள் உள்ள பொயின்ற் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். அது முழுதாகத் திறக்கும்போது இடைவெளி சுமார் 0.38 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அளவுகோல் கையில் இல்லாத அவசரத்துக்கு ஒரு தடித்த கல்யாண அழைப்பிதழ் அட்டை உதவும்.

கொதிக்கிறதா?

உங்கள் கேத்தலின் உள்ளே பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருக்கும் அதே சுண்ணாம்புதான் ரேடியேற்றருக்குள்ளும் படிகிறது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கி வருவது. கரையோரக் கிணறுகளில் உப்பும் சேரும். ஆகவே ரேடியேற்றருக்குக் கிணற்று நீர் வேண்டாம். சுத்தமாகப் பிடித்து வைத்த மழை நீரோ, வடித்த நீரோ ஊற்றுங்கள்.

ஓடும்போது சிவப்பு லைற் எரிந்து கூடவே எஞ்சினும் கொதித்தால் விசிறிப் பட்டி அறுந்திருக்கும். டைனமோவையும் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுவது அந்த ஒரே பட்டிதான். உடனே நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். பொங்கி வரும் நீராவி முகத்தையும் கையையும் வேக வைத்து விடும். அரை மணி நேரமாவது ஆற விட்டு, தடித்த துணியால் மூடியைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். கொதித்த எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரைச் சட்டென்று கொட்டினால் இரும்பு வெடிக்கக் கூடும்.

மாதம் இரு முறை ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் மோர் போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது. பெற்றோல் மணம் அடித்தால் எரிபொருள் இறங்குகிறது. நீலப் புகை ஒயில் எரிவதற்கும், கறுப்புப் புகை பெற்றோல் அதிகமாவதற்கும் அடையாளம்.

விளையாடக் கூடாத இடம்

நின்று போன கார் நேரத்தைத்தான் கெடுக்கும். நிற்காத கார் உயிரைக் கெடுக்கும். இந்தக் கார்களின் பிரேக் ஒயில் ஒரே வழியில் ஓடுகிறது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் கால் பிரேக் முழுவதும் போய் விடலாம். கம்பியால் இயங்கும் கை பிரேக் மட்டுமே மிஞ்சும். ஆகவே அதைச் சரியாக வைத்திருப்பது கட்டாயம்.

பெடல் பஞ்சு போல் அமிழ்ந்தால், இரண்டு மூன்று முறை மிதித்த பிறகே பிடித்தால், சில்லின் உட்புறம் ஈரம் தெரிந்தால் அன்று காரை எடுக்க விடாதீர்கள். “பக்கத்துக் கடைக்குத்தானே!” என்ற சமாதானமும் வேண்டாம். மொறிஸ் மைனரில் பிரேக் ஒயில் ஊற்றும் இடம் ஓட்டுநரின் காலடி விரிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கண்ணில் படாததால் பலர் மறந்து விடுகிறார்கள். அதில் எஞ்சின் ஒயிலை ஊற்றினால் ரப்பர்கள் ஊதிப் பழுதாகும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்றச் சொல்லுங்கள்.

மைனரின் முன்சில்லைத் தாங்கும் மூட்டு ஒரு திருகு மறையில் திரும்புகிறது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் மறை தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடிந்து விழும். கிறீஸ் அடித்த திகதியைச் சமையலறைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

பிரேக், சில்லு, ஸ்ரியறிங் வேலைகளை வீட்டில் தொடாதீர்கள். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் என்ன கோளாறைக் கண்டீர்கள், எப்போது கண்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றினோம் என்றால் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விஷயம் தெரிந்த வீடு என்று தெரிந்தால் வேலையும் ஒழுங்காக நடக்கும், கணக்கும் ஒழுங்காக வரும்.

டிக்கியில் ஐந்து லீற்றர் நல்ல தண்ணீர், ஒரு விசிறிப் பட்டி, ஒரு பிளக், உலர்ந்த துணி, ஸ்பானர், டோர்ச் ஆகியவை எப்போதும் இருக்கட்டும். இந்த வெள்ளிக்கிழமை மகனையும், மகளையும்தான், பக்கத்தில் நிறுத்திப் பொனற்றைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் ரயர்களைப் பற்றிப் பேசுவோம்.