பில்லுவும் பச்சைப் பல்லியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி டம்ளரோடு வராந்தாவுக்கு வந்தேன். பில்லு என் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பல்லியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது. அறுந்த வால் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. பில்லு முகத்திலோ, மார்ச் 31க்கு ஒரு வாரம் முன்பே டார்கெட்டை முடித்துவிட்ட ஃபீல்டு ஆபீசரின் பெருமிதம்.

பில்லு எங்கள் பூனை. ‘எங்கள்’ என்று சொல்லலாமா என்பதே சந்தேகம்தான். மாற்றலாகி நாங்கள் அந்தமான் வந்தபோது இந்த ஊர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், வாய்க்கு இன்னும் பழகவில்லை. வாடகை வீட்டுச் சாவியோடு சேர்ந்து கைக்கு வந்த ஜீவன் இது. முன்னால் குடியிருந்தவர்கள் ஊர் திரும்பும்போது கட்டில், பீரோ, தொட்டிச்செடி வரைக்கும் கப்பலில் ஏற்றினார்களாம். பூனையை மட்டும் மறந்துவிட்டார்கள். அல்லது மறந்த மாதிரி இருந்துவிட்டார்கள். இந்தியில் பூனை பில்லி என்பதால் மகள் பில்லு என்று பெயர் வைத்தாள். அது பெண் என்பது குட்டி போட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. என்னத்தைச் சொல்ல! மூன்று குட்டிகளில் ஒன்றை ஆபீஸ் நண்பர் எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புதருக்குள் போனவை, திரும்பவில்லை.

செத்துப்போன பல்லிக்கு வருவோம். நம் ஊர்ச் சுவர்ப்பல்லி நைட் டியூட்டி. இது பகல் டியூட்டி. தளிர்ப் பச்சை உடம்பு, முதுகில் செம்புள்ளிகள். வாழையிலும் பாக்கு மரத்திலும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அந்தமான் தீவுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது.

“விடுங்க, பூனைன்னா பல்லி பிடிக்கத்தான் செய்யும். அதோட குணம் அது” என்றார் தங்கமணி.

“அம்மா, இது இங்க மட்டும்தான் இருக்கு. பூனை எல்லா ஊர்லயும் இருக்கு” என்றாள் மகள்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே பட்டதால், வழக்கம் போல நான் பேப்பர் படிக்கப் போய்விட்டேன். ஆனால் மனசு ஓடவில்லை.

பூனை மேல் குற்றமில்லை, சரி. ஆனால் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த எதுவுமே இந்தத் தீவுகளில் இயற்கையாக இருந்ததில்லை. மெயின்லேண்டில் பூனையும் எலியும் பல்லியும் ஆயிரக்கணக்கான வருஷமாக ஒன்றை ஒன்று பார்த்துப் பழகியவை. தீவில் பிறந்த பிராணிக்கு அந்தப் பாடம் கிடையாது. ஓட வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது.

இதற்கு உலகம் பூராவும் சொல்லும் கதை நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவு. 1894ல் கலங்கரை விளக்கம் வந்தது, கூடவே பூனையும் வந்தது. அங்கே பறக்கத் தெரியாத ஒரு குட்டிப் பறவை இருந்தது. விளக்குப் பணியாளர் டேவிட் லயால் சேகரித்து அனுப்பிய உடல்களை வைத்துத்தான் உலகத்துக்கே அப்படி ஒரு பறவை இருப்பது தெரியவந்தது. தெரிந்த கையோடு அழிந்தும் போயிற்று. ஒரே ஒரு பூனை ஒரு இனத்தையே தின்று தீர்த்தது என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்று இல்லை, பல பூனைகள் என்று பின்னால் வந்த ஆராய்ச்சி சொன்னது. எனக்கு அது ஆறுதலாக இல்லை. நம்ம வீட்டிலும் ஒன்றில்தானே ஆரம்பித்தது?

இதைவிட என்னைத் தூங்கவிடாத கதை தென்னாப்பிரிக்காவின் மரியன் தீவு. அங்கே கப்பல்களில் வந்து இறங்கிய சுண்டெலித் தொல்லை. வானிலை நிலையத்தில் எலி பிடிக்க 1949ல் 5 பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1977ல் சுமார் 3,400. வருஷத்துக்கு நாலரை லட்சம் கடற்பறவைகளைத் தின்றன என்பது கணக்கு. அப்புறம் பூனைகளைக் கொல்லவென்றே ஒரு வைரஸைப் பரப்பினார்கள். மிச்சமிருந்ததைத் துப்பாக்கி, பொறி, விஷம் என்று துரத்தி 1991ல் முடித்தார்கள். பறவைகளுக்கு விடிந்தது என்று பார்த்தால், இப்போது அந்தச் சுண்டெலிகள் கூட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. அடுத்து எலிகளுக்கு விஷம் வைக்கத் திட்டம். வட்டிக்கு வட்டி போல நீண்டுகொண்டே போகிறது. அந்த 5 பூனைகளைக் கொண்டுபோனவர் யாரும் கெட்டவர் இல்லை. எலி வந்தது, பூனை வாங்கினார், அவ்வளவுதான்.

அப்படியானால் வெளியிலிருந்து வந்ததை எல்லாம் ஒழித்துக்கட்ட வேண்டியதுதானா? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. இருபது வருஷ சர்வீஸில் எட்டு ஊர் பார்த்தாயிற்று. ‘வெளியாள்’ என்ற வார்த்தையை நாலு மொழியில் கேட்டாயிற்று. ‘வந்தேறி’ என்று ஒரு செடியைச் சொன்னால்கூடக் காதில் சுருக்கென்று குத்துகிறது.

அதுவும் நான் ராமநாதபுரத்துக்காரன். எங்கள் ஊர் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகாயே அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் மூலம் வந்தது. வந்து சில நூற்றாண்டுதான் ஆகிறது, ‘இந்த மண்ணுக்கே உரியது’ என்று சர்டிபிகேட் வாங்கிவிட்டது! சீமைக் கருவேலம் பெயரிலேயே சீமையை வைத்துக்கொண்டிருக்கிறது. கண்மாயெல்லாம் அதுதான். 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் நான் பி.காம். படித்த ஃபீஸில் பாதி, அந்த மரத்தை வெட்டி அப்பா போட்ட கரிமூட்டத்திலிருந்து வந்தது. கைதட்டும்போது அதுவும் ஞாபகம் வந்தது.

பெரிய படிப்பாளிகளிடமும் இந்தச் சண்டை உண்டு. 2011ல் மார்க் டேவிஸும் இன்னும் 18 சூழலியல் அறிஞர்களும், ‘ஒரு இனத்தை அது பிறந்த இடத்தை வைத்து எடைபோடாதீர்கள், என்ன செய்கிறது என்று பாருங்கள்’ என்கிற பொருளில் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதே வருஷம், டேனியல் சிம்பர்லாஃப் முன்னின்று 141 விஞ்ஞானிகள் மறுப்பு எழுதினார்கள். வெளியிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் நாங்கள் எதையும் எதிர்ப்பதில்லை, ஆனால் கெடுதல் பல சமயம் ரொம்பத் தாமதமாகத்தான் வெளியே தெரியும் என்பது அவர்கள் கட்சி. 19க்கு 141 என்று ஓட்டு எண்ணி முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. கடன் கொடுத்துப் பழகிய எனக்கு இரண்டாவது கட்சியின் பயம் நன்றாகவே புரிகிறது. கணக்கு முதல் மூன்று வருஷம் அருமையாக ஓடும். நாலாவது வருஷம்தான் தெரியும், ஆள் ஊரிலேயே இல்லை என்று.

அந்தப் பச்சைப் பல்லியே பார்க்கப்போனால் வெளியூர்தான். அதன் சொந்தபந்தமெல்லாம் கடல் தாண்டி மடகாஸ்கர், மொரீஷியஸ் பக்கம் இருக்கிறது. எந்தக் காலத்திலோ மரக்கட்டையைத் தொற்றிக்கொண்டு மிதந்து வந்திருக்கலாம். ஆனால் அது தானாக வந்தது, தன் பாட்டுக்கு இங்கே இடம் பிடித்துக்கொள்ள யுக யுகமாக நேரம் எடுத்துக்கொண்டது. பில்லு கப்பலில் வந்த வம்சம். டிக்கெட் எடுத்தது மனுஷன்.

இந்தத் தீவுகளைச் சுற்றிப் பார்த்தால் இதே கதைதான். ராஸ் தீவுக்கு (2018லிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) போனால் புள்ளிமான்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும், எல்லாரும் செல்ஃபி எடுப்பார்கள். நாங்களும் எடுத்தோம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டவை அவை. இங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. நீந்தித் தீவு தாண்டவும் தெரியும். காட்டில் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கின்றன. தரையோரப் பச்சை போனதால் அதை நம்பியிருந்த ஓணான், பல்லி எல்லாம் குறைந்துவிட்டன என்று ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கானுயிர்ச் சட்டம் மானுக்கு இங்கேயும் குடைபிடிக்கிறது. மானைப் பிடித்துக் குறைக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், உங்களை ராவணன் மாதிரி பார்ப்பார்கள்.

இன்டர்வியூ தீவில் யானைகள். மரம் இழுக்கக் கொண்டுவந்த கம்பெனி 1962ல் கடையைக் கட்டியபோது சுமார் 40 யானைகளை அப்படியே அவிழ்த்து விட்டுவிட்டது. பட்டையை உரித்தும் தாழையையும் பிரம்பையும் தின்றும் அவை அந்தக் காட்டையே மாற்றின. நம் வயலில் முதல் மழைக்குக் கத்துமே பெரிய தவளை, அதுகூட மீன்குஞ்சுகளோடு கலந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. சோதனைத் தொட்டியில் அதன் தலைப்பிரட்டைகளோடு உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளை விட்டுப் பார்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒருத்தர்கூட மிஞ்சவில்லை.

தவளையைக் கணக்கில் விடுங்கள், அது யாருக்கும் தெரியாமல் வந்தது. மான், யானை, பூனை மூன்றும் வரவழைக்கப்பட்டவை. வேலை முடிந்ததும் அழைத்தவர் கிளம்பிப்போய்விட்டார். என் கோபமெல்லாம் அந்தக் கிளம்பிப்போவதன் மேல்தான். வாராக்கடன் என்றால் ஜாமீன்தாரரையாவது தேடிப் பிடிக்கிறோம். ஒரு தீவில் யானையை விட்டுவிட்டுப் போனால் கேட்க ஆளில்லை. பூனையை விட்டுப்போனால் அது குற்றமாகவே யாருக்கும் தோன்றுவதில்லை. இந்த ஊரில் வங்கி, ராணுவம், மத்திய அரசு ஆபீஸ் என்று மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வீடு காலி செய்பவர்கள் எத்தனை பேர்! அதில் எத்தனை வீட்டில் பூனை, நாய்!

பூனை வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2013ல் நியூசிலாந்துப் பணக்காரர் கேரத் மார்கன், இருக்கிற பூனையை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள், அது போனபின் இன்னொன்று வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்தார். அவரைத் திட்டாத பூனைப் பிரியர் பாக்கியில்லை. எனக்கென்னவோ, இந்த மாதிரித் தீவுகளுக்கு அது கேட்கக்கூடிய நியாயமான விலையாகத்தான் படுகிறது. கூடவே கருத்தடை, வீட்டுக்குள் வளர்ப்பு, மாற்றலில் போனால் கூட்டிக்கொண்டு போவது. இதைச் செய்யாமல் விட்டால் பிற்பாடு துப்பாக்கியும் விஷமும்தான் மிஞ்சும். மரியன் தீவில் வைரஸால் செத்த பூனைகளுக்குச் செய்தது கருணை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு பில்லுவைக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்தாயிற்று. வராந்தாவுக்குக் கம்பிவலை அடித்தாயிற்று. வருகிற ஜூனில் எனக்கு மாற்றல் வரும்.

“சென்னையில வீட்டுக்காரர் பூனை வேண்டாம்னா என்னங்க பண்றது?” என்றார் தங்கமணி.

“வேற வீடு பாப்போம்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மூடி வைத்த பிரம்புக் கூடை ஒன்று வீட்டுக்கு வந்திருந்தது.

புதருக்குள் போன அந்த இரண்டு குட்டிகள்தான் பாக்கி. நேற்று ராத்திரி கருவாடு வைத்துப் பெட்டியோடு காத்திருந்ததில் ஒன்று மாட்டிக்கொண்டது. இன்னொன்று புதரோரமாகவே நின்று டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தது. கண் இரண்டும் பளிச்சென்று எரிந்தன. கருவாட்டைத் தொடவில்லை. இன்றைக்கு நெத்திலி வைத்துப் பார்க்க வேண்டும்.