பாரிஸ் காசுள்ளவர்களின் ஊர் என்பது பொய்

"தண்ணிக்குக்கூடக் காசு வாங்குவான். ஒண்ணுக்குப் போகணும்னாலும் காசு. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அந்த ஊர் சரிப்படாதுப்பா." பாரிஸ் போக ஆசைப்படுகிற எவருக்கும் இப்படிச் சொல்ல ஒரு சித்தப்பாவோ பெரியப்பாவோ கட்டாயம் இருப்பார். அவர் கேள்விப்பட்டதைச் சொல்பவராகக்கூட இருக்கமாட்டார். போய் வந்தவராகவே இருப்பார். அதனால்தான் அவர் பேச்சுக்கு வீட்டில் அத்தனை மதிப்பு. டிராவல்ஸ்காரர் அதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வார்: "தனியாப் போனா தாளாது சார். குரூப்ல போங்க, சாப்பாடு உட்பட எல்லாம் அடக்கம்." கடைசியில் பல வருடச் சேமிப்பு, பத்து நாட்களில் ஏழெட்டு நாடுகளைச் சுற்றும் ஒரு பேருந்தில் போய் விழுகிறது.

பணம் இல்லாதவனுக்குப் பாரிஸ் இல்லை என்ற இந்த நம்பிக்கை தவறானது. தவறு என்பதோடு நிற்காமல், எளிய குடும்பங்களின் பணத்தையும் வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கிற பயணத்தையும் சேர்த்தே வீணாக்குகிறது.

தண்ணீரிலிருந்தே தொடங்கலாம். 1870 செப்டம்பர் முதல் 1871 ஜனவரி வரை பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டது. பின்னாலேயே கம்யூன் எழுச்சியும் அதை ஒடுக்கிய படுகொலையும் வந்தன. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் வழிகள் சேதமாயின, தண்ணீர் விலை ஏறியது, ஏழைகளுக்கு நல்ல தண்ணீரைவிடச் சாராயம் எளிதில் கிடைத்தது. அந்த நகரத்தில் வாழ்ந்த ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் தன் பரம்பரைச் சொத்திலிருந்து பணம் கொடுத்து, 1872இல் தெருத்தெருவாகக் குடிநீர் ஊற்றுகளை நிறுவச் செய்தார். இன்றும் நூற்றுக்கு மேல் நிற்கின்றன. கரும்பச்சை வண்ணத்தில் வார்ப்பிரும்பு. நான்கு பெண் உருவங்கள் கைகளை உயர்த்தி ஒரு சிறு குவிமாடத்தைத் தாங்குகின்றன. நடுவே மெல்லிய தாரையாகத் தண்ணீர் விழுகிறது. முன்பு சங்கிலியில் கட்டிய தகரக் குவளைகள் இருந்தன. சுகாதாரம் கருதி 1952இல் எடுத்துவிட்டார்கள். இப்போது வருகிறவர்கள் கையில் பாட்டில். கூரியர்ப் பையன், பள்ளிப் பிள்ளை, வீடற்றவர், சுற்றுலாப் பயணி எல்லோரும் ஒரே தாரையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குளிர்காலத்தில் உறைந்துவிடும் என்பதால் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை இவற்றை நிறுத்திவைப்பார்கள்; வேறு வகைக் குழாய்கள் ஊரெங்கும் உண்டு.

உணவகத்திலும் இதே கதைதான். சாப்பிட உட்கார்ந்தவருக்குக் குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகத் தரவேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். 'கராஃப் தோ' என்று கேட்டால் கொண்டுவந்து வைப்பார்கள். கேட்கத் தெரியாதவருக்குத்தான் பாட்டில் தண்ணீர் வந்து பில்லில் ஏறுகிறது. கழிப்பறையும் அப்படியே. நடைபாதைகளில் நிற்கும் சாம்பல் நிறத் தானியங்கிக் கழிப்பறைகள் 400க்கு மேல். 2006 முதல் அவற்றுக்குக் கட்டணம் இல்லை.

அப்படியானால் சித்தப்பா பொய் சொன்னாரா? இல்லை. அவர் காசு கொடுத்தது உண்மை. ஜெர்மனியின் நெடுஞ்சாலை நிறுத்தங்களில் கொடுத்திருப்பார், பெரிய ரயில் நிலையங்களில் கொடுத்திருப்பார். பேருந்து அவரை இறக்கிவிட்ட இடங்கள் அவை. அவர் பார்த்தது பேருந்து நிறுத்தங்களின் விலைவாசி. அதைப் பாரிஸின் விலைவாசியாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பேருந்துப் பயணத்தில் பாரிஸுக்குக் கிடைப்பது ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள். தங்கும் விடுதி பெரும்பாலும் ஊருக்கு வெளியே. காலையில் வெற்றி வளைவையும் கொன்கோர்த் சதுக்கத்தையும் கண்ணாடி வழியாகக் காட்டுவார்கள். ட்ரொக்காதெரோவில் இறக்கி ஈஃபிலோடு படம் எடுக்க அரைமணி. அடுத்து ஒரு வாசனைத் திரவியக் கூடம். அதன் வாசல் ஒரு கடைக்குள்தான் திறக்கும். பிறகு பெரிய பல்பொருள் அங்காடி. மாலையில் சேன் நதியில் படகு, இரவு இந்திய உணவகத்தில் பனீரும் நானும். இதற்கு நடுவே அந்த ஊரில் வாழ்கிற ஒருவரோடு ஒரு வார்த்தை பேச இடமில்லை, ஒரு தெருவின் முனை வரை நடக்க நேரமில்லை. குறைந்த செலவில் பாரிஸ் என்று விற்கப்படுகிற இந்தச் சரக்கில் பாரிஸ்தான் குறைவு.

சாப்பாட்டுக்கு வருவோம். தெருவுக்கு இரண்டு ரொட்டிக் கடை இருக்கிற ஊர் அது. 'பகெத்' என்ற நீள ரொட்டி ஒரு யூரோவிலிருந்து ஒன்றரை யூரோவுக்குள் கிடைக்கும். 'த்ரதிசியோன்' என்று கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது: மாவு, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்கும் நொதி இவற்றைக் கொண்டு செய்யவேண்டும், பதப்படுத்தும் இரசாயனம் கூடாது என்று 1993இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குக் கடை வாசலில் வரிசை நிற்கும். வாங்கிய கையோடு ரொட்டியின் மூக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே நடப்பார்கள். கோட்டு சூட்டு போட்டவரும் அப்படித்தான், கட்டட வேலை முடித்து வருபவரும் அப்படித்தான். ஒரு ரொட்டி, ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி, இரண்டு தக்காளி, லுக்சம்பூர் பூங்காவில் ஒரு இரும்பு நாற்காலி. ஐந்தாறு யூரோவுக்குள் முடிகிற இந்த மதியச் சாப்பாட்டை அந்த ஊர்க்காரர்களே விரும்பிச் சாப்பிடுகிறார்கள். இதில் ஏழ்மை எதுவும் இல்லை.

காப்பிக் கடையில் விலைப்பலகையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு கல்லா மேடையில் குடிக்க ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை, இரண்டையும் எழுதிவைத்திருப்பார்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், தனியாக டிப்ஸ் கொடுத்தே ஆகவேண்டியதில்லை. உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட விரும்புபவர்களுக்கு 'புய்யோன்' என்ற வகை உணவகங்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உழைப்பாளிகளுக்குச் சூடான சூப்பும் இறைச்சியும் மலிவாகக் கொடுக்கத் தொடங்கியவை. 1896இல் திறந்த ஷார்த்தியே இன்றும் நடக்கிறது. பரிமாறுபவர் மேசைமேல் விரித்த காகிதத்திலேயே கணக்கை எழுதிக் கூட்டிச் சொல்வார். சுத்த சைவக்காரர்களுக்கு அங்கே தேர்வு குறைவு என்பதை மறுக்கமாட்டேன். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கார் து நோர் நிலையத்திலிருந்து லா ஷப்பல் பக்கம் நடந்தால் கடைப் பலகைகளெல்லாம் தமிழில். இட்லி, தோசை, கொத்து ரொட்டி, வாழைக்காய், முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். மாணிக்க விநாயகர் கோயில் தேர் ஆண்டுதோறும் கோடை முடிவில் அந்தத் தெருக்களில்தான் ஓடுகிறது. நடுரோட்டில் மலைமலையாகத் தேங்காய் உடைகிறது.

அந்தத் தெருவே இந்த நம்பிக்கைக்கு முதல் மறுப்பு. எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர் பலர் பாரிஸின் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவி வாழ்க்கையைத் தொடங்கினார்கள். சொற்பக் கூலியில் பிள்ளைகளை அங்கேயே படிக்கவைத்தார்கள். ரயில் ஓட்டுபவர், மருத்துவமனைத் தாதி, குப்பை அள்ளுபவர் எல்லோரும் சேர்ந்து நடத்துகிற நகரம் அது. அவர்களில் பலருடைய வீடு ஓர் அறை, ஒன்றரை அறை. ஆகவே பூங்காவும் ஆற்றங்கரையும் நூலகமும்தான் அவர்கள் கூடம். 1923இல் தடைசெய்த சேன் நதிக் குளியலை 2025 கோடையில் மூன்று இடங்களில் இலவசமாகத் திறந்துவிட்டது நகராட்சி. சுற்றுலாப் பயணிக்காகவா செய்தார்கள்? வெயிலில் புழுங்கும் சொந்த மக்களுக்காக. பயணி அதில் பங்குகொள்ளலாம், அவ்வளவே.

அருங்காட்சியகங்களைப் பற்றித்தான் பொய் அதிகம். நகராட்சிக்குச் சொந்தமான அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு 2001 முதல் கட்டணம் இல்லை. மரே பகுதியில் இருக்கும் கார்னவலே, பாரிஸ் வரலாற்றுக்கான அருங்காட்சியகம். இடித்துத் தள்ளிய பாஸ்தீய் சிறையின் கல்லிலேயே செதுக்கிய அந்தச் சிறையின் சிற்றுருவம் அங்கே இருக்கிறது. ஓவியர் மூக்கா 1901இல் வடிவமைத்த ஒரு நகைக்கடையை மயில் உருவத்தோடு அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எழுத்தாளர் புரூஸ்த்தின் பித்தளைக் கட்டிலும், தெருச் சத்தம் கேட்காமலிருக்க அவர் சுவரில் அடித்துவைத்த தக்கைப் பலகையும் கைக்கெட்டும் தூரத்தில். நுழைவுச்சீட்டே கிடையாது. பெத்தி பலே, வொஸ்ழ் சதுக்கத்தில் விக்தர் யூகோ வாழ்ந்த வீடு, பல்ஸாக் வீடு எல்லாம் இப்படியே. சேன் சுல்பீஸ் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் வலதுபுற முதல் சிற்றாலயத்தில் ஓவியர் தெலக்ருவா 1861இல் முடித்த சுவரோவியங்கள் இருக்கின்றன. 2019 ஏப்ரலில் எரிந்து 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர தாமுக்குள் போகவும் காசு வேண்டாம்.

லூவ்ரைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பார்கள். ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு 2026 ஜனவரி முதல் 32 யூரோ. உள்ளே இருப்பவர்களுக்கு 22. மன்னர்களின் சேகரிப்பை மக்களின் சொத்து என்று அறிவித்து 1793இல் புரட்சி திறந்துவைத்த அருங்காட்சியகம் அது. அங்கே கடவுச்சீட்டைப் பார்த்து விலை சொல்வது அநீதி. அந்தச் சேகரிப்பில் எகிப்தும் மெசபடோமியாவும் இருக்கையில் அந்த நாட்டுக்காரர்களிடமே கூடுதல் காசு கேட்பது இன்னும் பெரிய அநீதி. ஆனாலும் அந்த ஒரு சீட்டை வைத்து ஊரையே எடை போடக்கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு, எந்த நாட்டவரானாலும், அங்கே இலவசம். ஓர்சே அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறன்று எல்லோருக்கும் இலவசம், முன்பதிவு செய்துகொள்ளவேண்டும்.

எதில் செலவு உண்மையிலேயே கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமானச் சீட்டு, விசா, படுக்கை. ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ; மறுத்துவிட்டால் அது திரும்பாது. தங்குமிடம் கோடையில் கொள்ளை விலை. நவம்பரிலோ பிப்ரவரியிலோ போனால் இறங்கும். பல பேர் தங்கும் கூட்டறை விடுதியில் இன்னும் இறங்கும். இவற்றுக்குச் சேமித்துத்தான் ஆகவேண்டும், குறுக்குவழி இல்லை. ஆனால் விடுதி முன்பதிவைக் கையில் வைத்திருப்பவர் தன் செலவுக்கு நாளொன்றுக்கு 65 யூரோ காட்டினால் போதும் என்று கணக்கு வைத்திருப்பது பிரெஞ்சு அரசேதான். ஒரு யூரோ சுமார் நூறு ரூபாய் என்று போட்டுப் பாருங்கள். மேலே சொன்னபடி வாழ்பவருக்கு அதில் பாதிகூட ஆகாது.

போக்குவரத்துக்கு ஒரே ஒரு விஷயம்: நவிகோ வாரச் சீட்டு. 32 யூரோ அளவில் மெட்ரோ, பேருந்து, புறநகர் ரயில், விமான நிலையம், வெர்சாய் வரை எல்லாம் அடங்கும். ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். வெள்ளிக்கிழமை இறங்குபவருக்கு அது பயன்படாது. ஆகவே திங்களன்று போய்ச் சேருகிற மாதிரி விமானச் சீட்டு எடுங்கள், நவிகோ அட்டையில் ஒட்ட ஒரு சிறிய புகைப்படமும் எடுத்துப் போங்கள். நகரம் கிழக்கு மேற்காகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பாதி நாள் நடையிலேயே கழியும்.

இந்த நம்பிக்கை ஏன் இன்னும் சாகவில்லை? ஈஃபில் அடியில் ஆடும் சினிமாப் பாட்டும், தேனிலவு விளம்பரமும், கைப்பை வாங்கப் போகும் பிரபலங்களின் படங்களும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பயத்தில் வியாபாரம் இருக்கிறது. மொழி தெரியாது, திருடுவார்கள், சாப்பாடு கிடைக்காது என்று பயமுறுத்தினால்தான் பேருந்தின் இருக்கை நிரம்பும். நடக்க முடியாத முதியவர்களுக்கும், தனியே போகவே இயலாதவர்களுக்கும் அந்தப் பேருந்து உதவுகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை. கால் திடமாக இருக்கிற, கைப்பேசியில் வரைபடம் பார்க்கத் தெரிந்த இளைஞர்களையும் ஆசிரியர்களையும் குமாஸ்தாக்களையும் அதே பேருந்தில் ஏற்றுவதைத்தான் கண்டிக்கிறேன்.

மற்ற நாடுகளை விட்டுவிடுங்கள். ஒரே ஊர், ஒரு வாரம் என்று முடிவு செய்யுங்கள். அடுத்த முறை யாராவது வண்ணத் துண்டுப்பிரசுரத்தை நீட்டினால், பாரிஸில் பேருந்தைவிட்டு இறங்கி எங்கள் விருப்பப்படி நடக்க மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு முன்பணம் கொடுப்பதா என்று யோசியுங்கள்.