அஞ்சு பிளேடு எதுக்குத் தம்பி?

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் கேட்டார்: "பையன் கோயம்புத்தூர்ல காலேஜ் சேர்றான். தாடி வந்துருச்சு. என்ன ரேசர் வாங்கிக் குடுக்கலாம்?" கேட்டவர் சின்னமனூர்க்காரர், வாழைக்காய் வியாபாரம். அரை மணி நேரத்தில் பதில்கள் குவிந்துவிட்டன. மூணு பிளேடு, அஞ்சு பிளேடு, ஜெல் பட்டை ஒட்டினது, பேட்டரி போட்டால் கைப்பிடி அதிர்வது என்று ஆளுக்கொன்று. பழைய ஷேவிங் செட்டைச் சொன்னவர் ஒரே ஒருவர். அவரும் "அதெல்லாம் தாத்தா காலத்துது" என்று சிரிக்கும் பொம்மையைப் போட்டு முடித்துக்கொண்டார்.

நான் அந்தத் தாத்தா கட்சி. குழுவில் எழுத இடம் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவனிடம் சுருக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். முகச்சவரத்துக்கு ஒரு பிளேடு போதும். பெட்டிக்கடையில் தாள் சுற்றிக் கிடைக்கிற, இரண்டு பக்கமும் வெட்டும் அந்தத் தகட்டு பிளேடும், அதை மாட்டுகிற உலோக ரேசரும் போதும். மூன்றும் ஐந்தும் உங்கள் முகத்துக்காக வந்தவை அல்ல.

ஆதாரம் கேட்பீர்கள். பக்கத்து சலூனுக்குப் போங்கள். கம்பத்தில், போடியில், ஆண்டிபட்டியில், எந்த சலூனாக இருந்தாலும் சரி. அண்ணன் என்ன செய்கிறார்? ஒரு பிளேடைத் தாளோடு மடக்கி, டக்கென்று இரண்டாக ஒடிக்கிறார். ஒரு பாதியைக் கத்தியில் செருகுகிறார். மறு பாதி அடுத்த ஆளுக்கு. ஒரு பிளேடுகூட இல்லை ஐயா, அரை பிளேடு! ஞாயிற்றுக்கிழமை காலையில் மூச்சு விட நேரமில்லாமல் முகம் முகமாகப் பார்க்கிற மனிதர் அவர். அஞ்சு பிளேடில் வேலை சுத்தமாக முடியுமென்றால் அதை முதலில் வாங்கியிருக்க வேண்டியவர் அவரல்லவா? தொழில் தெரிந்தவர் அரை பிளேடில் முடிக்கிற வேலைக்கு, தொழில் தெரியாத நமக்கு அஞ்சு பிளேடு என்று விற்கிறார்கள். நாமும் வாங்குகிறோம்.

அடுத்த ஆதாரம், விற்கிறவர்களே கொடுத்தது. ஜில்லெட் கம்பெனி 1971-இல் இரண்டு பிளேடு கொண்டுவந்தது. 1998-இல் மூன்று. 2006-இல் ஐந்து. ஒவ்வொரு தடவையும் விளம்பரத்துக்குள் ஒளிந்திருக்கும் செய்தி ஒன்றுதான்: போன தடவை நாங்கள் விற்றது போதாது. நடுவில் 2002-இல் நம் நாட்டுக்கென்று 'வெக்டர்' என்று ஒன்று வந்தது. இடுக்கில் அடைத்துக்கொள்ளும் முடியைத் தள்ளிவிட அதில் ஒரு பிளாஸ்டிக் விசை. அதைச் சோதித்துப் பார்த்தது எங்கே தெரியுமா? அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிற குளியலறை. இங்கே வந்து இறங்கியதும் அது படுத்துவிட்டது. நம் ஆட்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீரில் சவரம் செய்கிறவர்கள். ஓடுகிற தண்ணீர் இல்லாமல் அந்த முடி அலசிப் போகவில்லை.

பிறகு அந்தக் கம்பெனி ஆட்கள் இங்கேயே வந்து, வீடுகளில் உட்கார்ந்து, இந்தியன் எப்படி சவரம் செய்கிறான் என்று மணிக்கணக்காகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு 2010-இல் 'கார்ட்' என்று புதிதாக ஒன்றைச் செய்தார்கள். ரேசர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். அதில் எத்தனை பிளேடு? ஒன்று! ஐந்து பிளேடு இல்லாமல் நல்ல சவரம் கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன அதே கம்பெனி, நம் கிராமத்து ஆளுக்கு ஒன்று போதும் என்று கண்டுபிடித்துவிட்டது. விலை குறைய வேண்டும், வெட்டுக்காயம் ஆகக்கூடாது, அதனால்தான் ஒன்று என்றார்கள். நல்லது. விலையும் குறைவு, காயமும் ஆகாது என்றால் அது எல்லோருக்கும் நல்லதுதானே? ரேஷன் கார்டு நிறம் பார்த்தா தாடி முளைக்கிறது?

அந்த ஐந்து பிளேடு ரேசரின் முதுகைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஆறாவதாக ஒற்றை பிளேடு ஒன்று இருக்கும். மூக்குக்குக் கீழேயும் கிருதா ஓரத்திலும் அந்த அகலமான தலை போகாது, அதற்காக வைத்தது. நம் பக்கத்தில் மீசையை ஒதுக்கிக் கோடு பிடிக்காதவர் எத்தனை பேர்? ஆக, மீசை வைத்தவனுக்குக் கடைசியில் உதவுவது அங்கேயும் ஒற்றை பிளேடுதான்.

இப்போது தோல் விஷயத்துக்கு வருகிறேன். பல பிளேடு வேலை செய்யும் விதத்தை அவர்களே பெருமையாகப் படம் போட்டுக் காட்டுவார்கள். முதல் பிளேடு முடியைப் பிடித்து இழுக்கும். அது உள்ளே போவதற்குள் அடுத்தது வெட்டும். வெட்டுப்பட்ட முடியின் நுனி தோல் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும், உண்மைதான். ஆனால் சுருட்டை முடிக்காரனுக்கு அந்த நுனி திரும்ப வளரும்போது நேராக வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து குத்துகிறது. கழுத்தில், தாடைக்குக் கீழே, சிவப்பாகக் கொப்புளம். பருவென்று நினைத்து களிம்பு தடவிக்கொண்டு, கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வகுப்புக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். எல்லோருக்கும் வராது. வருகிறவனுக்குத் தோல் மருத்துவர் சொல்கிற முதல் யோசனைகளில் ஒன்று, ஒட்ட வழிக்காதே, ஒற்றை பிளேடுக்கு மாறு என்பதுதான். பதினெட்டு வயதுப் பையனுக்கு முகம் என்பது சின்ன விஷயமில்லை.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் வருஷத்துக்கு 180 தடவை. தகட்டு பிளேடு ஒன்று ஐந்து ரூபாய்க்குள், நாலு தடவைக்கு வரும். 45 பிளேடு, அதிகம் போனால் 225 ரூபாய். பல பிளேடு தலை ஒன்றை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து தடவை இழுத்தாலும் 12 தலை, 1200 ரூபாய். ஐந்து பிளேடு என்றால் இன்னும் மேலே. இதைப் படிக்கிற ஆண் இன்னும் நாற்பது வருஷம் சவரம் செய்வார் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். பெருக்கல் வாய்ப்பாடு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், மறந்திருக்காது.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. இந்தத் தகட்டு பிளேடுக்கான ஜில்லெட்டின் காப்புரிமை 1904-இல் கிடைத்து 1921-இல் முடிந்துபோனது. அன்றிலிருந்து அது ஊர்ப் பொதுச் சொத்து மாதிரி. டோபாஸ் வாங்கினாலும் சூப்பர்மேக்ஸ் வாங்கினாலும் செவன் ஓ கிளாக் வாங்கினாலும் ஒரே ரேசரில் உட்காரும். (செவன் ஓ கிளாக் ஜில்லெட்டுடையதுதான். எனக்குக் கம்பெனி மேல் பகை இல்லை, எண்ணிக்கை மேல்தான் பகை.) ஒன்று விலை ஏறினால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். பல பிளேடு ரேசரில் அந்தக் கதை நடக்காது. கைப்பிடி யாருடையதோ அவர்களுடைய தலைதான் மாட்டும். கார்டும் இதில் சேர்த்திதான். அதனால்தான் அதையும் நான் சிபாரிசு செய்யவில்லை.

இந்தப் பக்கம் இன்னொரு கோஷ்டி இருக்கிறது, அவர்களையும் விடுவதற்கில்லை. யூடியூப் பார்த்துவிட்டு எட்டாயிரம் ரூபாய் டைட்டானியம் ரேசர், வெளிநாட்டு மிருகத்து முடியில் செய்த பிரஷ், இருபது வகை பிளேடு என்று அலமாரி நிரப்புகிறவர்கள். ஐயா, அது சவரம் இல்லை, கொலு. முதல் ரேசர் வாங்கப் போகிற பையனை இவர்கள் பேச்சு பயமுறுத்தித்தான் அஞ்சு பிளேடு பக்கம் தள்ளிவிடுகிறது.

அப்படியானால் எதை வாங்குவது? முந்நூறு, நானூறு ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றாகக் கழலுவதை எடுங்கள். கைப்பிடியைத் திருகினால் பூ மாதிரி விரிகிற வகை பார்க்க அழகு. ஆனால் அதன் உள்ளே நகரும் பாகங்கள் அதிகம், நம் போர் தண்ணீர் உப்பு படிந்தால் இறுகிக்கொள்ளும். அடித்தட்டின் ஓரம் சீப்புப் பல் மாதிரி திறந்திருப்பது புதியவனுக்கு வேண்டாம், முழுக் கம்பி மாதிரி மூடியிருப்பதே நல்லது. பிளேடை மாட்டி இறுக்கிவிட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு பக்கமும் பிளேடு சம அளவு வெளியே தெரிய வேண்டும். பிளேடுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி குறைவாக இருப்பது சாதுவான ரேசர். அதிகமாக இருந்தால் அது பழகின கைக்கு.

மரையைச் சோதியுங்கள். மூடியில் உள்ள திருகு ஆடாமல், சிக்காமல் இறங்க வேண்டும். விலை குறைந்தவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோமிய முலாம் பூசியவை. கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால் அந்தத் திருகு ஒடியும், முலாம் உரிந்தால் உள்ளே அரிக்கும். பித்தளையோ எவர்சில்வரோ கிடைத்தால் கொஞ்சம் கூடப் போட்டு வாங்கலாம், மகனுக்கும் வரும். கையில் கனமாக இருப்பது குறையில்லை, அந்தக் கனம்தான் வெட்டும். நீங்கள் அழுத்த வேண்டாம். முதல் வாரம் ரத்தம் பார்க்கிறவர்கள் எல்லோரும் அழுத்தினவர்கள்தான்.

கைப்பிடியைச் சாய்த்து, பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 பாகையில் இருக்கும்படி, முடி வளர்ந்த திசையிலேயே குட்டிக் குட்டி இழுப்பாக இழுங்கள். அதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் முகம் ஊற வேண்டும். இதில் சோம்பல் கூடாது. முன்பு சொன்ன அதே எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் 'சயன்ஸ்' இதழில் ஒன்றை வெளியிட்டார்கள். தன்னைவிட ஐம்பது மடங்கு கடினமான எஃகின் முனையையே நம் முடி சில்லு சில்லாகப் பெயர்க்கிறதாம். ஊறின முடி மெத்தென்று ஆகிவிடும், பிளேடு கூடுதலாக உழைக்கும். எங்கள் வீட்டில் போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லை, முல்லைப் பெரியாற்றுக் குழாய்த் தண்ணீரில் பொங்குகிறது. கடினநீர், மென்னீர், எட்டாம் வகுப்புப் பாடம். முடித்ததும் படிகாரக் கல்லை ஈரத்தோடு ஒரு தடவு தடவினால் போதும்.

பல பிளேடு ரேசருக்கு எங்கேயும் இடமில்லை என்று சொல்லமாட்டேன். கை நடுங்குகிற பெரியவருக்கு, படுக்கையில் இருப்பவருக்கு இன்னொருவர் சவரம் செய்துவிட அது நல்லது. விமானத்தில் கைப்பையில் தகட்டு பிளேடு கொண்டுபோக விடமாட்டார்கள், அதற்கும் அது. சின்னமனூர்த் தம்பியின் மகன் கோயம்புத்தூருக்கு பஸ்ஸில்தான் போகப் போகிறான்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. தீர்ந்த பிளேடைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். காலையில் அதைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் விரல் உங்கள் கன்னத்தைவிட மலிவில்லை. பழைய பவுடர் டப்பாவின் மூடியில் பிளேடு நுழைகிற அளவு ஒரு கீறல் போட்டு, அதில் போட்டு வாருங்கள். பிளேடு அவ்வளவு மெல்லிசு, நாலைந்து வருஷம் ஆனாலும் டப்பா நிரம்பாது. நிரம்பினால் மூடியை ஒட்டி, பழைய இரும்புக் கடையில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.