பதிவேட்டில் வேண்டாம் சாதி, கணக்கில் வேண்டும்

“ஸ்காலர்ஷிப் வாங்குற எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க!”

நம்மில் பலர் இந்தக் குரலுக்கு எழுந்து நின்றவர்கள். சொன்ன ஆசிரியர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு சொன்னார்கள் என்று நாம் கூறவில்லை. படிவம் நிரப்பும் அவசரமாக இருக்கலாம். ஆனால், இப்படிச் சாதி சொல்லி அடையாளம் காட்டுவது ஒரு மாணவரின் மனதை மட்டுமல்ல, அவருடைய திறனையும் பாதிக்கிறது. இது வெறும் ஆதங்கம் அல்ல. அளந்து பார்த்த உண்மை.

உலக வங்கி ஆய்வாளர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேச கிராமங்களில் நடத்திய சோதனை 2004-ல் வெளியானது. பங்கேற்ற மாணவர்கள் 642 பேர். பாதிப் பேர் ஆதிக்க சாதியினர், பாதிப் பேர் தலித்துகள். காகிதத்தில் வரைந்த வழி கண்டுபிடிக்கும் புதிர்களை அவர்கள் தீர்க்க வேண்டும். சாதியை வெளிப்படுத்தாதபோது இரு தரப்புக்கும் இடையே வேறுபாடு இல்லை. பெயர், ஊர், தந்தை பெயர் ஆகியவற்றோடு சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் படித்ததும், தலித் மாணவர்கள் தீர்த்த புதிர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தன. அதே போன்ற மாணவர்கள், அதே புதிர்கள். மாறியது அறையில் ஒலித்த ஒரு சொல் மட்டுமே. ‘நம்மை நியாயமாக மதிப்பிட மாட்டார்கள்’ என்ற அவநம்பிக்கையே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

அந்த அவநம்பிக்கை ஆதாரமற்றதும் அல்ல. ரேமா ஹன்னா, லீ லிண்டன் ஆகியோர் விடைத்தாள்களின் முகப்பில் மாணவரின் சாதியை மாற்றி மாற்றிக் குறித்து, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் குறைந்தது. 2012-ல் வெளியான இந்த ஆய்வு காட்டும் வேறுபாடு சிறியதுதான். ஆனால், பள்ளி வாழ்க்கை முழுவதும் அது தொடர்ந்தால் என்ன ஆகும்?

நாங்குநேரி கொடூரத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்று பரிந்துரைத்தது. அதை முழுமையாக வரவேற்கிறோம். ஆனால், சாதியை மறைத்தால் மட்டும் கற்றல் இடைவெளி மறைந்துவிடாது.

இடைவெளியைக் குறைக்கும் வழியும் நம் ஊரிலேயே இருக்கிறது. 2003-ல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பாடம் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. தான் ஏணியின் எந்தப் படியில் இருக்கிறோம் என்பது குழந்தைக்கே தெரியும். ஒரு படியைக் கற்ற பிறகே அடுத்த படி. அங்கே ரேங்க் இல்லை, கடைசி பெஞ்ச் இல்லை. பின்னர் அது மாநிலம் முழுவதும் பரவியது. 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்தே கற்பிக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. ஆண்டு முழுவதும் ஒரு குழந்தை ‘அரும்பு’ வரிசையிலேயே இருந்தால், அதுவே புதிய அடையாளமாக, புதிய சேரியாக மாறிவிடும். 1960-களில் அமெரிக்காவின் ஆக்டன் லிண்ட்ஸ்லி, மாணவரின் முன்னேற்றத்தைத் தினமும் அளந்து வரைபடத்தில் குறிக்கும் முறையை உருவாக்கினார். கோடு மேலே ஏறவில்லை என்றால் மாற்ற வேண்டியது கற்பிக்கும் முறையை. மாணவர் மீது குறை இல்லை என்பதே அதன் அடிப்படை. ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த நமக்கு இதைவிடத் தேவையான அறிவியல் வேறில்லை.

எனவே, நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் மூன்று.

முதலாவது, உதவித்தொகைப் பணிகள் வகுப்பறைக்கு வெளியே, ஒவ்வொரு மாணவரிடமும் தனியாக நடக்க வேண்டும்.

இரண்டாவது, அரசு நடத்தும் எல்லாக் கற்றல் அடைவுத் தேர்வுகளின் முடிவுகளும், மாணவர் பெயர் இல்லாமல், சமூகப் பிரிவு வாரியாக ஒன்றிய அளவில் வெளியாக வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும். 2021-ன் தேசிய அடைவு ஆய்வு மாவட்ட அளவில் சமூகப் பிரிவு வாரியாக முடிவுகளைத் தந்தது. எனவே, இது முடியாத காரியம் அல்ல.

மூன்றாவது, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் இடைவெளி தீர்ந்தது என்று எண்ணக் கூடாது. நந்தனம் அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களுக்கு வரும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு, ஆங்கிலத்திலும் கணக்கிலும் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்பதை முதல் வாரத்திலேயே கண்டறிய வேண்டும். அங்கிருந்து தொடங்கும் மாலை வகுப்புகளை விடுதிகளிலேயே நடத்தலாம். அரியர் குவிந்த பிறகு அளப்பது காலம் கடந்த அளவீடு.

இதை அருகிலுள்ள சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதியில் தொடங்கினால் பொருத்தமாக இருக்கும். ஒடுக்கப்பட்டோரின் தலைவரான எம்.சி.ராஜா ஒரு பள்ளி ஆசிரியர். குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதியவர். அவர் பெயரில் கட்டிடம் இருந்தால் மட்டும் போதாது. அதில் தங்கிப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இந்த மாதம் எத்தனை படி ஏறினார் என்ற கணக்கை, அரசு தன் கடமைக்கான மதிப்பெண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும்.