அது ஔரங்கசீப்பின் புதையல் இல்லை

சூரத் என்றால் காஞ்சிபுரத்து நெசவாளிக்கு ஜரிகை ஞாபகம் வரும். புதையல் பைத்தியங்களுக்கு ஞாபகம் வருவது ஒரு கப்பல்.

இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் கிரேட் பாசஸ் என்று ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. 1961-ல் மைக் வில்சன் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு அங்கே முக்குளித்தபோது வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ஒன்றிரண்டு இல்லை, மூட்டை மூட்டையாக! பை மக்கிப் போயும், காசுகள் மூட்டை வடிவத்திலேயே இறுகிக் கிடந்தன. எல்லாம் சூரத்தில் அடித்த ரூபாய். ஹிஜ்ரி 1113, அதாவது 1701-02. வில்சனின் கூட்டாளி ஆர்தர் சி. கிளார்க் 1964-ல் இதைப் பற்றிப் புத்தகமே போட்டார். கப்பலின் பெயர் மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

பெயர் தெரியாதது போதாதா? உடனே அது 'ஔரங்கசீப்பின் புதையல்' ஆகிவிட்டது. ஏனாம்? காசில் அவர் பெயர் இருக்கிறதாம். அப்படிப் பார்த்தால் நம் பாக்கெட்டில் இருக்கும் நூறு ரூபாய் ரிசர்வ் வங்கி கவர்னருடையது. கையெழுத்து அவருடையதுதானே, திருப்பிக் கொடுத்துவிடலாமா? :-)

ஒரே ஊர், ஒரே வருஷம், மூட்டைக்குச் சுமார் ஆயிரம் காசு. காசு பதினொன்றரை கிராம் என்றால் மூட்டை பதினொன்றரை கிலோ. ராஜா ஒளித்துவைத்த சொத்து இப்படியா இருக்கும்? இது எண்ணிக் கட்டிய பணம். சரக்கு வாங்க வியாபாரிகள் அனுப்பிய முதல் என்பதுதான் பொருந்துகிறது. இன்றைக்கு சூரத்திலிருந்து காஞ்சிபுரம் வரும் ஜரிகைப் பெட்டி ஒன்று வழியில் ஆற்றில் விழுந்தால் அதைப் 'பிரதமரின் புதையல்' என்போமா? முதல் போட்டவருக்கு அது நஷ்டம். அவரை நம்பித் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மாதக் கூலி போச்சு.

புதையல் என்று சொல்வதில் இன்னொரு கேடும் உண்டு. புதையல் என்றால் முதலில் எடுக்கத்தான் தோன்றும். எது எங்கே கிடந்தது என்று குறித்துக்கொள்ளத் தோன்றாது. கடலடித் தொல்லியல் தெரிந்த பீட்டர் த்ராக்மார்ட்டன் வந்து சேர்ந்தது 1963-ல். அதற்குள் முதல் மூட்டைகள் மேலே வந்தாயிற்று. நடுவில் 1962-ல் வில்சன் 'ரன்முத்து தூவ' என்று ஒரு சினிமாவும் எடுத்துவிட்டார். சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம். கதை? கடலுக்கடியில் புதையல்தான்!

அந்தப் பணம் யாருடையது, எந்தத் துறைமுகத்துக்குப் போனது, கப்பலில் எத்தனை பேர் இருந்தார்கள்? வெள்ளியின் விலை கேட்கிற கூட்டம் இதில் ஒன்றையாவது கேட்டிருக்கிறதா? அந்தக் காலத்தில் சூரத்தில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கிடங்கு வைத்திருந்தார்கள். கணக்கு எழுதுவதில் இரண்டு பேருமே கெட்டி. திரும்பி வராத கப்பலைத் தேட வேண்டிய இடம் அந்தக் காகிதங்கள். அதற்கு நீச்சல்கூடத் தெரிய வேண்டாம்.