கசியாத அணை என்ற கற்பனை

மழைக்காலம் வந்தால் போதும், பழைய அணையின் சுவரில் நீர் வழியும் படம் ஒன்று கைபேசிக்குக் கைபேசி தாவும். 'அணை ஒழுகுகிறது, சிமென்ட் பூசி அடைக்கக்கூட ஆளில்லை' என்ற வசவும் கூடவே வரும். ஒழுகாத அணையே உறுதியான அணை என்ற நம்பிக்கை அந்த அளவுக்கு ஊறிவிட்டது.

கசியாத அணை எங்கும் இல்லை. கற்கட்டு அணைக்குள்ளும் கான்கிரீட் அணைக்குள்ளும் கேலரி எனும் உள்வழிப் பாதை அமைத்து, வடிதுளைகள் இட்டு, கசிவுக்குப் பொறியாளர்களே வழிவிடுகிறார்கள். வெளியேற வழியில்லாத நீர் அணையை அடியிலிருந்து மேலே தூக்கும். பிரான்சின் பூசே அணை 1895 ஏப்ரலில் உடைந்து 80க்கும் மேற்பட்டோர் மாண்டதற்கு இந்தத் தூக்குவிசையைக் கணக்கில் கொள்ளாததே முக்கியக் காரணம். முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பின்னாளில் அதைப் பலப்படுத்தச் சேர்த்த கான்கிரீட்டில் கேலரியும் உண்டு. அந்த அணைக்கான கண்காணிப்புக் குழு வரும்போதெல்லாம் கசிவுநீரை அளந்து பார்ப்பது வெறும் சடங்கல்ல.

பூசச் சொல்பவர்கள் எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை. நீர் நிற்கும் பக்கத்தில் கல் இடுக்குகளை அடைப்பது வைத்தியம். வெளிப்பக்கத்தைப் பூசி மெழுகுவதோ நீரை உள்ளே பூட்டிவைப்பது. நீர்மட்டம் குறையாமலே கசிவு சட்டென்று குறைந்தால் கைதட்டக் கூடாது, வடிதுளை அடைபட்டிருக்கலாம்.

மண் அணைக்கு நீரின் நிறம்தான் முதல் சாட்சி. அமெரிக்காவின் டீட்டன் அணைக்குக் கீழே 1976 ஜூன் 3 அன்று தெளிந்த ஊற்றுகள் தென்பட்டன. 5ஆம் தேதி காலை கலங்கல் நீர் வந்தது. நண்பகலுக்குள் அணை போயிற்று. 11 பேர் இறந்தார்கள். கலங்கல் வருகிறதென்றால் நீர் உள்ளிருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது.

அடைத்தாலும் கதை முடிவதில்லை. கென்டக்கியின் உல்ஃப் கிரீக் அணை, கரையும் சுண்ணாம்புப் பாறைமேல் நிற்பது. 1968இல் அங்கே பள்ளங்கள் விழுந்தன, கலங்கல் நீரும் வந்தது. சிமென்ட் கலவையை உட்செலுத்தினார்கள். எழுபதுகளில் நிலத்தடிச் சுவரும் எழுப்பினார்கள். நீர் வேறு வழி தேடிக்கொண்டது. 2007இல் நீர்மட்டத்தைக் குறைத்து, 2013இல் இன்னும் ஆழமான சுவரைக் கட்டி முடிக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யவும் அளவீட்டுக் கருவிகள் பொருத்தவும் சொல்கிறது. நாளிதழ்கள் அணை நீர்மட்டத்தைத் தினமும் அடிக்கணக்கில் அச்சிடுகின்றன. கசிவு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நீர் தெளிவா கலங்கலா என்பதையும் நீர்வளத் துறை அதே பட்டியலில் தரட்டும். படத்தைப் பரப்புகிறவர்கள் கேட்க வேண்டியதும் அந்த எண்ணைத்தான்.